புவியருகு சிறுகோள்கள்: இடம் கணித்தல், படம் பிடித்தல், அளந்து அனுப்புதல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவியருகு சிறுகோள் என்று எதைச் சொல்கிறார்கள்?

தன் பாதையில் சூரியனுக்கு மிக அருகே வரும் இடம் 1.3 வானியல் அலகுக்குள் இருந்தால் அது புவியருகு சிறுகோள். ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவு, ஏறத்தாழ 14.96 கோடி கி.மீ. 'ஆபத்தாகக் கூடியவை' பட்டியலில் சேர இன்னும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. அதன் பாதை பூமியின் பாதையை 0.05 வானியல் அலகுக்குள் நெருங்க வேண்டும். தனிப்பொலிவெண் (சூரியனிலிருந்தும் நம்மிடமிருந்தும் ஒரு வானியல் அலகில் வைத்துப் பார்த்தால் இருக்கும் பொலிவெண்) 22 அல்லது அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அளவில் இது சுமார் 140 மீட்டரும் அதற்கு மேலும். (பொலிவெண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்.)

இதுவரை 40,000-க்கு மேற்பட்ட புவியருகு சிறுகோள்கள் தெரிய வந்திருக்கின்றன. பட்டியலில் பேர் இருப்பதாலேயே ஒன்று பூமியில் மோதப்போகிறது என்று ஆகிவிடாது. செய்தித் தலைப்பு எழுதுபவர்களுக்கு மட்டும் இது ஏனோ பிடிபடுவதில்லை.

பெரிய நிலையங்கள் இருக்கும்போது அமெச்சூர் அளவீடு யாருக்கு வேண்டும்?

அரிசோனாவின் கேட்டலைனா, ஹவாயின் பான்-ஸ்டார்ஸ், ஹவாய், சிலி, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் இயங்கும் அட்லஸ் போன்றவை வானத்தைப் பெருக்கிக்கொண்டே போகும். ஒரு புள்ளி நகர்வதைப் பிடித்துச் சொல்லிவிட்டு வானின் அடுத்த பகுதிக்கு நகர்ந்துவிடும். அந்தப் புள்ளி விண்மீன்களுக்கு நடுவே எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பதை அடுத்த சில மணி நேரத்திலும், அடுத்த ஓரிரு இரவுகளிலும் வேறு யாராவது அளக்காவிட்டால் அது தொலைந்துபோகும். ஹவாயில் விடியும்போது இந்தியாவில் இருட்டிச் சில மணி நேரம்தான் ஆகியிருக்கும். தீர்க்கரேகை 80° கிழக்கை ஒட்டி இதைச் செய்பவர்கள் குறைவு என்பதால், இங்கிருந்து போகும் நல்ல அளவீட்டுக்கு மதிப்பு கூடுதல்.

கண்டுபிடிப்பிலும் அமெச்சூர்களுக்கு இடம் இல்லாமல் இல்லை. 2013 பிப்ரவரி 15 அன்று பூமிக்கு மேலே சுமார் 27,700 கி.மீ. உயரத்தில் கடந்த 2012 டிஏ14, ஓராண்டுக்கு முன் ஸ்பெயினின் லா சாக்ராவில் அமெச்சூர் குழு கண்டுபிடித்தது. தமிழகத்தில் சிறுகோள் தேடலுக்குப் பழைய வரலாறு உண்டு. ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு 4130 ராமானுஜன் என்று பேர். அது புவியருகு வகை அல்ல, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள பட்டையைச் சேர்ந்தது.

என்னிடம் உள்ள தொலைநோக்கிக்கு எதுவரை எட்டும்?

கண்ணால் மட்டும் பார்ப்பதென்றால் 15 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியில், நல்ல இருட்டில், பொலிவெண் 12 அல்லது 13 வரை. ஆண்டுக்குச் சில புவியருகு சிறுகோள்களே அந்த அளவுக்கு வெளிச்சம் காட்டும். அளவீடு செய்ய கேமரா வேண்டும். 20 செ.மீ. நியூட்டோனியன், குளிரூட்டும் வசதி உள்ள கறுப்பு-வெள்ளை சிமாஸ் கேமரா, ஈக்வடோரியல் மவுண்ட் (வானின் சுழற்சியோடு சேர்ந்து திரும்பும் தாங்கி) ஆகிய மூன்றும் இருந்தால் கிராமத்து வானில் படங்களை அடுக்கி 18-ஐத் தாண்டலாம். நகரத்துக்குள் ஒன்றிரண்டு எண் குறையும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படுபவை பெரும்பாலும் 19 முதல் 22-க்குள் இருப்பதால் அங்கே 30 செ.மீ.க்குக் குறைந்தால் சிரமம்.

ஆனால் காசு சேர்ந்ததும் முதலில் கண்ணாடியைப் பெரிதாக்குவது தப்பான வரிசை. கணினிக் கடிகாரம் ஒரு விநாடி பிசகினால் 40 செ.மீ. கண்ணாடியும் தப்பாகத்தான் அளக்கும்.

எதிலிருந்து தொடங்குவது?

433 ஈராஸ், 1036 கானிமெட் இரண்டும் பெரியவை, மெதுவாக நகர்பவை, பாதை துல்லியமாகத் தெரிந்தவை. இவற்றில் எது அந்த மாதம் மாலை வானில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அளந்த இடத்தையும் கணித்த இடத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் அரை வில்விநாடிக்குள் வரும்வரை அங்கேயே நில்லுங்கள். (ஒரு பாகையில் 3,600 வில்விநாடி, நிலவின் விட்டம் சுமார் 1,800 வில்விநாடி.) பிறகு, பாதை உறுதியாகி எண் கொடுக்கப்பட்ட வேகமான சிறுகோள்கள். உறுதிப்படுத்த வேண்டியவற்றின் பட்டியல் (புதிதாகக் கண்ட, இன்னும் உறுதியாகாத புள்ளிகளின் பட்டியல்) பக்கம் போவது அதற்கப்புறம்.

இன்றிரவு அது எங்கே இருக்கும் என்பதை எங்கே பார்ப்பது?

நம்பத்தக்க இடங்கள் இரண்டு. ஒன்று, நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் என்ற இணையச் சேவை. மற்றது, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் இருக்கும் சிறுகோள் மையம், அதாவது எம்பிசி, தரும் நிலைப்பட்டியல் சேவை. இரண்டும் இலவசம்.

ஹொரைசன்ஸில் சிறுகோளின் பெயரைக் கொடுத்து, பார்க்கும் இடத்தில் உங்கள் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரத்தைக் கொடுங்கள். கால இடைவெளி 10 நிமிடம் போதும், மிக அருகே வரும் சிறுகோளுக்கு 1 நிமிடம். வெளியீட்டுப் பட்டியலில் 1 (வல ஏற்றம், நடுவரை விலக்கம்; வானத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை மாதிரி), 3 (நகரும் வேகம்), 4 (திசையும் உயரக் கோணமும்), 9 (பொலிவெண்), 20 (தொலைவு), 36 (நிலையின் நிச்சயமின்மை) ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் வேண்டியதெல்லாம் வந்துவிடும். 36-ஐப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த எண் உங்கள் கேமராவின் பார்வைப்புலத்தைவிடப் பெரிதாக இருந்தால் சிறுகோள் படத்திலேயே விழாமல் போகலாம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இரண்டு பொறிகள். ஹொரைசன்ஸ் உயரத்தை கிலோமீட்டரில் கேட்கும், எம்பிசி மீட்டரில் கேட்கும். 250 மீட்டர் உயரத்தில் இருப்பவர் ஹொரைசன்ஸில் 250 என்று போட்டால், விண்வெளியில் நின்று பார்ப்பவருக்கான கணக்கு வரும். அடுத்தது வேகம். ஹொரைசன்ஸின் மூன்றாம் எண் மணிக்கு எத்தனை வில்விநாடி என்று சொல்லும். அதை நிமிடத்துக்கு என்று எடுத்துக்கொண்டால் எக்ஸ்போஷர் கணக்கு அறுபது மடங்கு பிசகும்.

ஸ்டெல்லேரியத்தில் ஓர் இடம் காட்டுகிறது, ஹொரைசன்ஸ் வேறு இடம் சொல்கிறது. எது சரி?

ஹொரைசன்ஸ். கோளரங்க மென்பொருள்கள் ஒரு குறிப்பிட்ட நாளுக்கான சுற்றுப்பாதை எண்களை வாங்கி வைத்துக்கொண்டு, சூரியன் மட்டுமே இழுக்கிறது என்ற எளிய கணக்கில் முன்னோக்கி ஓட்டுகின்றன. பட்டைச் சிறுகோளுக்கு அது சில மாதங்கள் தாங்கும். பூமியை நெருங்கும் சிறுகோளைப் பூமி வளைத்து இழுக்கும்போது அந்தப் பழைய எண்கள் செல்லாக்காசு. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள தகராறு மாதிரிதான் இது. புதிதாக அளந்து திருத்திக்கொண்டே வருவது எதுவோ அதை நம்ப வேண்டும்.

ஸ்டெல்லேரியத்தையே பயன்படுத்த வேண்டுமென்றால் அன்றைய தேதிக்கான எண்களைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். நெருங்கி வரும் நாளில் அதுவும் வேண்டாம். ஹொரைசன்ஸ் தரும் வல ஏற்றத்தையும் நடுவரை விலக்கத்தையும் நேராக மவுண்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பூமியின் மையத்துக்கான கணக்கை எடுத்தால் என்ன ஆகும்?

தொலைவில் இருக்கும் சிறுகோளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. 0.01 வானியல் அலகில், அதாவது சுமார் 15 லட்சம் கி.மீ. தொலைவில், மையத்திலிருந்து பார்ப்பதற்கும் தரையிலிருந்து பார்ப்பதற்கும் கால் பாகை வரை வித்தியாசம் வரும். நிலவின் தொலைவில் ஏறக்குறைய ஒரு பாகை. 20 செ.மீ. எஃப்/5 (குவியத்தூரம் 1,000 மி.மீ.) தொலைநோக்கியில் 533 என்ற சென்சார் சிப் உள்ள கேமராவின் பார்வைப்புலமே சுமார் 0.65 பாகைதான். சென்னைக்குப் போட்ட கணக்கு யாழ்ப்பாணத்துக்கு உதவாது. உங்கள் மொட்டைமாடிக்கென்றே போட வேண்டும்.

ஒரு படத்துக்கு எத்தனை விநாடி வைப்பது?

விண்மீன்கள் படத்தில் எவ்வளவு அகலமாகப் பதிகின்றனவோ, அந்த அகலத்தைச் சிறுகோள் நகர்ந்து கடக்கும் நேரம்தான் உச்சவரம்பு. சமவெளியில் அந்த அகலம் 3 வில்விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். சிறுகோள் நிமிடத்துக்கு 10 வில்விநாடி நகர்ந்தால் 3 ÷ 10 = 0.3 நிமிடம், அதாவது 18 விநாடி. நிமிடத்துக்கு 60 நகர்ந்தால் 3 விநாடிதான். பட்டைச் சிறுகோள் நிமிடத்துக்கு அரை வில்விநாடியை ஒட்டி ஊர்வதால் அங்கே ஐந்து நிமிடம்கூடத் தாங்கும்.

அதைத் தாண்டி வைத்தால் சிறுகோள் கோடாக இழுபடும். வரும் ஒளி பல பிக்சல்களில் சிதறுவதால் நேரத்தைக் கூட்டினாலும் வெளிச்சம் கூடாது, பின்னணி இரைச்சல் மட்டும் ஏறும். கோட்டின் நடு எது என்று மென்பொருள் தடுமாறுவது இன்னொரு நஷ்டம்.

பிக்சல் அளவையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிக்சலின் மைக்ரான் அளவை 206.265-ஆல் பெருக்கி, குவியத்தூரத்தின் மில்லிமீட்டரால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை வில்விநாடி என்பது வரும். 3.76 மைக்ரான், 1,000 மி.மீ. என்றால் 0.78. இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்துப் படித்தால் 1.55. விண்மீனின் அகலத்தில் இரண்டு அல்லது மூன்று பிக்சல் விழுந்தால் போதும், 0.78-இல் எடுத்துக் கோப்பைப் பெரிதாக்குவதில் லாபம் இல்லை.

18 விநாடியில் ஒன்றுமே தெரியவில்லையே?

தெரியாது. அடுக்கித்தான் பார்க்க வேண்டும். 40 படம் எடுத்து, ஒவ்வொன்றையும் சிறுகோளின் வேகத்துக்கும் திசைக்கும் தக்கபடி நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் விண்மீன்கள் கோடுகளாகவும் சிறுகோள் புள்ளியாகவும் வரும். ஆதாயம் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலம். √40 சுமார் 6.3, பொலிவெண்ணில் 2. ஒற்றைப் படத்தில் 16.5 வரை எட்டினால் அடுக்கில் 18.5.

படங்களை அளக்கும் அஸ்ட்ரோமெட்ரிகா மென்பொருளில் வேகமும் திசைக் கோணமும் நாம் கொடுக்க வேண்டும், தெரிந்த சிறுகோளாக இருந்தால் அதுவே எடுத்துக்கொள்ளும். அதே வேலைக்கான டைக்கோ டிராக்கர், வேகம் தெரியாத சிறுகோளையும் பல வேகங்களில் அடுக்கிப் பார்த்துத் தேடும். அதற்குக் கிராஃபிக்ஸ் கார்டு நல்லதாக இருக்க வேண்டும்.

60 படம் எடுத்தால் 20, 20, 20 என்று மூன்று அடுக்காகப் பிரித்து மூன்று நிலை (சிறுகோள் இருக்கும் இடத்தின் அளவீடு) எடுங்கள். ஒரே படத்தை இரண்டு அடுக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மூன்றும் ஒத்துப்போவது போலத் தெரியும், உண்மையில் ஒரே பிழையை மூன்று தடவை அனுப்புகிறீர்கள்.

கடிகாரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 10 வில்விநாடி நகரும் சிறுகோளில் ஒரு விநாடிப் பிசகு 0.17 வில்விநாடி. பரவாயில்லை என்று தோன்றும். நிமிடத்துக்கு 100 நகர்ந்தால் அதே ஒரு விநாடி 1.7 வில்விநாடி, அந்த அளவீடு குப்பைக்குத்தான் போகும். நமக்கு மதிப்பு இருப்பது வேகமானவற்றில்தான், அவற்றில்தான் கடிகாரம் காட்டிக்கொடுக்கும்.

கணினியின் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒரு நாளில் 1.7 விநாடி. விண்டோஸ் தானாகச் செய்யும் நேரச் சரிபார்ப்பு எப்போதாவது ஒருமுறைதான் நடக்கும், இடைப்பட்ட நேரத்தில் அது ஓடும் போக்கில் விட்டுவிடும். மெயின்பெர்க் நிறுவனம் தரும் என்டிபி நிரலை (இணையம் வழியே கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே இருப்பது) நிறுவி, அவதானிப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே ஓடவிட்டால் நல்ல இணைப்பில் சில பத்து மில்லிவிநாடிக்குள் நிற்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சிக்னல் ஏறி இறங்கினால் அதுவும் ஆடும். இணையம் இல்லாத தோட்டத்திலோ மலையிலோ எடுப்பவர்கள், விநாடிக்கு ஒரு துடிப்பு தரும் ஜிபிஎஸ் மாட்யூலைக் கணினியில் இணைத்துக்கொள்ள வேண்டும். யுஎஸ்பி வழியே வரும் ஜிபிஎஸ் வாசகத்தை மட்டும் நம்பினால் அதிலேயே தாமதம் இருக்கும்.

கணினி சரியான நேரம் காட்டினாலும் கேமரா வழியில் தாமதம் சேரலாம். கேப்சர் மென்பொருள் 'எடு' என்று சொன்ன கணத்தைக் கோப்பின் தலைப்பில் எழுதும், கேமரா அதற்குச் சற்றுப் பிறகு தொடங்கும். இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களைப் படம் பிடிப்பது. அவை விநாடிக்கு 30 முதல் 40 வில்விநாடி நகர்கின்றன, இருக்கும் இடம் மிகத் துல்லியமாகத் தெரியும். 0.1 விநாடிப் பிசகு 3, 4 வில்விநாடியாகப் பெரிதாகிக் கண்ணில் படும். சுற்றுப்பாதை கணிக்கும் ஃபைண்ட்-ஆர்ப் மென்பொருளை எழுதிய பில் கிரே இதற்கென்றே ஒரு வழிமுறை வைத்திருக்கிறார். எப்போதும் ஒரே அளவு பிசகு வந்தால் அதைத் திருத்தமாகக் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வந்தால் கேமராவின் டிரைவரையோ யுஎஸ்பி ஹப்பையோ சந்தேகியுங்கள்.

கடைசியாக, நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) இருக்க வேண்டும். அனுப்புவது எக்ஸ்போஷரின் நடுக் கணம். கோப்பின் தலைப்பில் பெரும்பாலும் தொடக்க நேரம்தான் இருக்கும், அதை அஸ்ட்ரோமெட்ரிகாவின் அமைப்பில் 'தொடக்கம்' என்று சொல்லியிருக்கிறதா பாருங்கள். மென்பொருள் இந்திய நேரத்தை யுடிசி என்று எழுதிவிட்டால், நிமிடத்துக்கு 10 வில்விநாடி நகரும் சிறுகோள் ஐந்தரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஒரு பாகை தள்ளி நிற்கும். நமக்கு ஒரு வசதியும் உண்டு: மாலை முதல் காலை ஐந்தரை வரை யுடிசி தேதி மாறாது.

நம் ஊர் அட்சரேகையில் மவுண்டை வடதுருவத்துக்கு ஒழுங்கு செய்வது எப்படி?

துருவ விண்மீன் கன்னியாகுமரியில் 8°, சென்னையில் 13° உயரத்தில்தான் நிற்கிறது. புழுதி, தென்னந்தோப்பு, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அங்கேதான். துருவத்தைப் பார்க்காமலே ஒழுங்கு செய்யும் வழி வேண்டும். என்.ஐ.என்.ஏ. என்ற படம் பிடிக்கும் மென்பொருளில் உள்ள மூன்று-புள்ளி முறை வானின் வேறு பகுதியில் மூன்று படம் எடுத்துப் பிழையைச் சொல்லிவிடும். மவுண்ட் வாங்கும் முன் அதன் அட்சரேகைத் திருகு 8° வரை இறங்குமா என்று கேளுங்கள். சிலவற்றில் அவ்வளவு இறக்கினால் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும்.

எக்ஸ்போஷர் அரை நிமிடத்துக்குள்தான் என்பதால் கைடிங் (ஒரு விண்மீனைப் பார்த்து மவுண்டைத் திருத்திக்கொண்டே இருப்பது) இல்லாமலே சமாளிக்கலாம். கேமராவை மைனஸ் 20-க்குக் குளிர்விக்கும் ஆசையை விடுங்கள். 28° வெப்ப இரவில் குளிரூட்டி முழு மூச்சில் ஓடியும் எட்டாது, எட்டினாலும் கேமராவின் முன்கண்ணாடியில் பனி படியும். 0° அல்லது மைனஸ் 5°-இல் நிலையாக வைத்து, அதே வெப்பத்தில் டார்க் படங்கள் (மூடி போட்டு எடுப்பவை) எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழகத்தில் நல்ல காலம்.

படத்திலிருந்து நிலையை எடுப்பது எப்படி?

டார்க், ஃபிளாட் (சீரான வெளிச்சத்தைப் பார்த்து எடுத்த படம்) திருத்தம் முடித்த படங்களை அஸ்ட்ரோமெட்ரிகாவிலோ டைக்கோவிலோ திறக்கவும். குவியத்தூரம், பிக்சல் அளவு, தோராய மையம் கொடுத்தால் விண்மீன்களைக் காயா விண்கலம் அளந்த விண்மீன் அட்டவணையோடு பொருத்தும். பழைய அட்டவணைகளைத் தொடாதீர்கள். பொருத்தத்தின் மீதிப்பிழை 0.2, 0.3 வில்விநாடிக்குள் இருக்க வேண்டும்.

அடுத்து, சிறுகோளைச் சொடுக்கினால் ஒரு சிறு வரைபடம் வரும். மணி போன்ற வளைவு புள்ளிகளின் மேல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா, பக்கத்தில் விண்மீன் ஒன்றின் தோள் தெரிகிறதா என்று பாருங்கள். சிக்னல்-இரைச்சல் விகிதம் 5-க்குக் கீழே என்றால் விட்டுவிடலாம். 3 வில்விநாடி அகலமும் விகிதம் 6-உம் இருந்தால் எதிர்பார்க்கக்கூடிய பிழை 0.2 வில்விநாடியை ஒட்டி இருக்கும். ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து நிலை போதும், அரை மணி நேரமாவது விரித்து எடுங்கள். முப்பது நிலை அனுப்புவதால் யாருக்கும் நன்மை இல்லை.

எம்பிசிக்கு அனுப்புவது ஏடிஇஎஸ் என்ற கோப்பு வடிவத்தில். அதில் ஒவ்வொரு நிலைக்கும் உரிய பிழை மதிப்பையும் சேர்க்கலாம். பழைய 80-எழுத்து வரியில் அதற்கு இடமே இல்லை.

அளவீடு தப்பு என்று எப்படித் தெரியும், ஏன் தப்பு என்று எப்படிச் சொல்வது?

கணிப்புக்கும் அளவீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் திசையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். எல்லா நிலைகளும் சிறுகோள் நகரும் திசையிலேயே முன்னாலோ பின்னாலோ தள்ளியிருந்தால் கடிகாரம். வேறு வேறு வேகமுள்ள இரண்டு சிறுகோள்களை அதே இரவில் அளந்து பாருங்கள். வேகத்துக்குத் தக்கபடி பிசகும் கூடினால் சந்தேகமே வேண்டாம். நகர்வுக்குக் குறுக்கே தள்ளியிருந்தால் விண்மீன் பொருத்தத்தில் கோளாறு, அல்லது கொடுத்த இடத்தின் ஆயத்தொலைவில் பிழை. ஒரே ஒரு நிலை மட்டும் துள்ளினால் பக்கத்து விண்மீனோ சூடான பிக்சலோ (ஒளி விழாமலே பளிச்சிடும் பிக்சல்) உள்ளே புகுந்திருக்கிறது. தூசு அதிகமுள்ள 30°-க்குக் கீழான வானத்தில் எல்லாமே சற்று மோசமாகத்தான் வரும்.

சூடான பிக்சல் விஷயத்தில் ஒரு சங்கதி. மவுண்ட் மெல்ல நழுவினால், அசையாத சூடான பிக்சல்கள் விண்மீன்களுக்கு எதிராக ஒரே சீரான வேகத்தில் 'நகரும்'. அச்சு அசலாகப் புது சிறுகோள் போலவே இருக்கும். படத்துக்குப் படம் சில பிக்சல் தள்ளி வைத்து எடுத்தால் இந்த ஏமாற்றம் நடக்காது.

பொதுவாக 0.5 வில்விநாடிக்குள் நல்லது, 1-க்கு மேல் என்றால் காரணம் தெரியும்வரை அனுப்பாதீர்கள். கணிப்போடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் ஒரு நிலையை நீக்குவதும் தப்பு. பாதை சரியாகத் தெரியாத சிறுகோளில் உங்கள் அளவீடு சரியாகவும் கணிப்பு தப்பாகவும் இருக்கலாம்.

வானாய்வகக் குறியீடு வாங்குவது எப்படி?

குறியீடு இல்லாதவர்கள் மூன்று எக்ஸ் எழுத்துகளை நிலையக் குறியீடாகப் போட்டு, எண் பெற்ற பட்டைச் சிறுகோள்கள் சிலவற்றை இரண்டு இரவுகளில் அளந்து எம்பிசிக்கு அனுப்ப வேண்டும். கேமராவை நிரப்பிவிடும் அளவுக்கு வெளிச்சமானவற்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தரம் சரியாக இருந்தால் மூன்று எழுத்துக் குறியீடு வரும். அது அந்த இடத்துக்கு உரியது. வீடு மாறினால் புதிதாக வாங்க வேண்டும்.

ஆயத்தொலைவை டிகிரியில் ஐந்து தசமத்துக்குக் கொடுங்கள். நிமிடம்-விநாடியில் எழுதியதைத் தசமம் என்று நினைத்துத் தட்டுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. உயரத்தில் நம் பகுதிக்கென்று ஒரு விசேஷம் உண்டு. உலகிலேயே ஈர்ப்புமட்டம் (ஈர்ப்பு தீர்மானிக்கும் சராசரிக் கடல்மட்டம்) மிகத் தாழ்ந்த இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருப்பதால், ஜிபிஎஸ் பயன்படுத்தும் நீள்கோளத்துக்கும் (பூமிக்கு வைத்துக்கொண்ட கணித வடிவம்) கடல்மட்டத்துக்கும் இங்கே பெரிய இடைவெளி. கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்றாலே நீள்கோள உயரம் மைனஸ் 90 மீட்டருக்குப் பக்கத்தில் காட்டும். எந்த உயரத்தைத் தருகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதன் பாதிப்பு நிலவின் தொலைவில்கூட 0.05 வில்விநாடிதான், ஆகவே பயப்பட ஒன்றுமில்லை.

உறுதிப்படுத்தும் பட்டியலில் இருந்து எதை எடுப்பது?

புதுப் புள்ளி ஒன்று புவியருகு வகையாக இருக்கும் வாய்ப்பை ஒரு நிரல் 0 முதல் 100 வரை மதிப்பிடும்; 65-ஐத் தொட்டால் பட்டியலில் ஏறும். அங்கே பொலிவெண்ணைப் பார்க்கும் முன் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது என்பதையும் நிச்சயமின்மை வரைபடத்தையும் பாருங்கள். புள்ளிகள் உங்கள் பார்வைப்புலத்துக்குள் அடங்கினால் முயலலாம். நீண்ட கோடாகச் சிதறியிருந்தால் அந்தக் கோட்டை ஒட்டியே வானின் இரண்டு மூன்று பகுதிகளைப் படம் எடுத்துத் தேடுங்கள், சுற்றிலும் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அங்கே இல்லை என்றால் இல்லை. இரைச்சலில் ஏதோ மங்கலாகத் தெரிவதை 'இதுவாக இருக்கலாம்' என்று அனுப்பினால் பாதையே கோணலாகி, அடுத்து முயல்பவர் தப்பான இடத்தில் தேடுவார்.

செயற்கைக்கோளைச் சிறுகோள் என்று நினைத்துவிட மாட்டோமா?

அடிக்கடி நடப்பதுதான். புவிநிலைச் செயற்கைக்கோள்கள் விண்மீன்களுக்கு எதிராக விநாடிக்கு 15 வில்விநாடி ஓடும், தமிழகத்திலிருந்து பார்த்தால் நடுவரை விலக்கம் மைனஸ் 1.5°-க்கும் மைனஸ் 2.5°-க்கும் நடுவே வரிசையாக நிற்கும். அவை எளிது. நீள்வட்டப் பாதையில் தொலைவுக்குப் போய்வரும் ராக்கெட் மிச்சங்கள்தான் ஏமாற்றும். 2007-இல் பூமியை நெருங்கிய ரொசெட்டா விண்கலத்துக்கே சிறுகோள் பெயர் கொடுத்துவிட்டார்கள். 2025 ஜனவரியில் 2018 சிஎன்41 என்று அறிவிக்கப்பட்டது, விண்ணில் ஏவப்பட்ட டெஸ்லா கார் என்று தெரிந்து ஒரு நாளுக்குள் நீக்கப்பட்டது.

இந்த வகையில் நமக்கு மிக அருகே நடந்தது டபிள்யூடி1190எஃப். 2015 அக்டோபரில் கேட்டலைனா கண்டது, விண்வெளிக் குப்பை என்று கணக்கிலேயே தெரிந்தது. நாளும் நேரமும் இடமும் முன்கூட்டியே கணிக்கப்பட்டு, 2015 நவம்பர் 13 அன்று இலங்கை நேரம் முற்பகல் 11:48 மணியளவில் அந்நாட்டின் தென்கரைக்கு அப்பால் கடலுக்கு மேலே எரிந்தது. அதை விமானத்திலிருந்து படம் பிடித்தார்கள்.

நானே பாதையைக் கணிக்க முடியுமா?

முடியும். ஃபைண்ட்-ஆர்ப் இலவசம். அளவீடுகளை ஒட்டி, தானே தீர்க்கச் சொன்னால் சுற்றுப்பாதையும் ஒவ்வொரு நிலையின் மீதிப்பிழையும் தரும். ஒரே இரவின் அளவீட்டை வைத்துக்கொண்டு அது தரும் பாதையை நம்பிவிடக் கூடாது. வானில் திசை தெரியும், தொலைவு தெரியாது; ஆகவே எண்ணற்ற பாதைகள் அதே புள்ளிகளில் பொருந்தும். இரண்டு இரவில் குறுகும், ஒரு வாரத்தில் உருவம் வரும்.

மோதும் வாய்ப்பு ஏறிவிட்டுப் பிறகு சட்டென்று விழுவதும் இதனால்தான். 2024 டிசம்பர் 27 அன்று சிலியில் அட்லஸ் கண்ட 2024 ஒய்ஆர்4-க்கு, 2032 டிசம்பர் 22-இல் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம் வரை ஏறியது. ஒரு வாரத்துக்குள் இல்லையென்றே சொல்லும் அளவுக்கு விழுந்தது. அளவீடு சேரச் சேர, சிறுகோள் கடக்கக்கூடிய பகுதி சுருங்குகிறது. சுருங்கிய பகுதிக்குள் பூமி இன்னும் இருக்கும்வரை அதன் பங்கு கூடிக்கொண்டே போகும். வெளியே விழுந்த நாளில் பூஜ்யம். ஏறுகிறதே என்று அலற வேண்டியதில்லை.

தொலைநோக்கியே இல்லை. என்ன செய்யலாம்?

ஐஏஎஸ்சி என்ற பன்னாட்டுத் திட்டம் பான்-ஸ்டார்ஸ் படங்களைப் பள்ளி, கல்லூரிக் குழுக்களுக்கு இலவசமாகத் தருகிறது, அளப்பது அஸ்ட்ரோமெட்ரிகாவில். கிடைப்பவை அநேகமாகப் பட்டைச் சிறுகோள்கள்தான் என்றாலும் கை பழக நல்ல இடம்.

2029-இல் வரும் அபோஃபிஸுக்கு இப்போதே என்ன தயாரிப்பு?

2004 ஜூனில் அரிசோனாவின் கிட் பீக்கில் கண்டுபிடிக்கப்பட்ட 99942 அபோஃபிஸ், 2029 ஏப்ரல் 13 அன்று பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கி.மீ. தொலைவில் கடக்கிறது. குறுக்களவு 350 மீட்டரை ஒட்டியது. 2021 மார்ச்சில் கோல்ட்ஸ்டோன் ராடாரால் அளந்தபின், அடுத்த நூறு ஆண்டுகளுக்காவது மோதல் இல்லை என்று உறுதியாகிவிட்டது. மிக நெருங்கும் கணம் யுடிசி 21:46, நமக்குச் சித்திரை முதல் நாள் அதிகாலை 3:16. அப்போது அது அட்லாண்டிக் பக்கம் இருப்பதால் இங்கே அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். ஆகவே நமக்கான நேரம் வெள்ளி இரவின் முற்பகுதிதான். தென் வானில் தொடங்கி மேற்கே சரியும். தெற்கும் தென்மேற்கும் திறந்த இடமாக இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சத்தில் பொலிவெண் 3-ஐ ஒட்டி வரும், வெறுங்கண்ணுக்கே தெரியும். அளப்பவர்களுக்கு அதுதான் தொல்லை. விநாடிக்கு 40 வில்விநாடி வரை போகும் வேகத்தில் 0.05 விநாடிப் பிசகே 2 வில்விநாடி. பெரிய தொலைநோக்கி அன்று சுமைதான், 200 மி.மீ. லென்ஸும் ஜிபிஎஸ் நேரமும், அரை விநாடிக்குக் குறைந்த எக்ஸ்போஷரும் போதும்.

ஒத்திகைக்கு இரண்டு வாய்ப்புகள் வருகின்றன. 2027 ஆகஸ்ட் 7 அன்று 1999 ஏஎன்10 ஏறக்குறைய நிலவின் தொலைவில், சுமார் 3.9 லட்சம் கி.மீ.யில் கடக்கிறது. 2028 ஜூன் 26 அன்று 2001 டபிள்யூஎன்5 சுமார் 2.5 லட்சம் கி.மீ.யில். இரண்டுமே நமக்குத் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வருவதால், மழை மறைவுப் பகுதியில் மாற்று இடம் ஒன்றையும் அதன் ஆயத்தொலைவையும் முன்கூட்டியே குறித்து, அந்த இடத்துக்கும் தனி நிலைப்பட்டியல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறியீடு இல்லாத தற்காலிக இடத்திலிருந்து அளந்தால் 247 என்ற நடமாடும் நிலையக் குறியீட்டில், ஒவ்வொரு நிலையோடும் ஆயத்தொலைவையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.